மலைக்குளிரில் பிறக்கும் குழந்தைக்குப் போர்வை: எந்தத் துணி, எவ்வளவு கனம்?

கேள்வி, 14 அக்டோபர்

நாத்தனாருக்குத் தலைப்பிரசவம். ஜனவரி முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள், தாய்வீடு என்று இங்கே கோத்தகிரிக்குத்தான் வரப்போகிறாள். கடையில் வாங்கிக் கொடுக்காமல் என் கையால் ஒரு போர்வை தைத்துக் கொடுக்க ஆசை. மாமியாரின் மிதிமெஷின் இருக்கிறது. நேர்த்தையல் வரும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நம் குளிருக்குக் கனமாக இருந்தால்தானே நல்லது? உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கலாமா, கம்பளி எடுக்கலாமா?

14 அக்டோபர், இரவு

பஞ்சு வேண்டாம், கம்பளியும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணி இரண்டு எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நாலு பக்கமும் தைத்துத் திருப்பினால் போர்வை ரெடி. உங்களுக்குத் தெரிந்த நேர்த்தையலே போதும்.

நான் குன்னூர்க்காரி. மலையில் குழந்தைத் துணிக்கு முதல் தொல்லை ஈரம், குளிரெல்லாம் அதற்கு அப்புறம்தான். அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தபோது யாரோ பஞ்சு வைத்த போர்வை ஒன்று கொடுத்தார்கள். பார்க்க ராஜாங்கமாக இருந்தது. குழந்தை அதில் ஒண்ணுக்குப் போனதும் துவைத்துக் கொடியில் போட்டோம். மறுநாள் சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் ஓரமெல்லாம் காய்ந்திருக்கிறது, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் சில்லென்று ஈரம். அதற்கும் மறுநாள் ஒரு வாடை. உள்ளே பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டு ஒரு மூலைக்குப் போய்விட்டது. அதோடு அந்தப் போர்வை பீரோவுக்குள் போனதுதான், வெளியே வரவில்லை.

மெல்லிசாகத் தையுங்கள். குளிர் கூடினால் மேலே இன்னொன்று போர்த்திக்கொள்ளலாம், கனமான போர்வையை மெல்லிசாக்க முடியாது.

15 அக்டோபர்

துணி என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். ஒரு பக்கத்துக்குப் பிளானல், மறுபக்கத்துக்கு மல் அல்லது நல்ல பாப்லின். பிளானலும் பருத்திதான். நெய்த பிறகு மேற்பரப்பைச் சுரண்டி இழையை எழுப்பிவிடுவார்கள், அந்தப் பொசுபொசுப்புக்குள் காற்று தங்குவதால்தான் கதகதப்பு. பிளானல் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுவது எல்லாம் பருத்தியாக இருக்காது, பாதிக்கு மேல் பாலியெஸ்டர் கலந்ததும் அதே அடுக்கில் இருக்கும். ஓரத்தில் இரண்டு இழை உருவிக்கொண்டு வந்து தீக்குச்சி காட்டிப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் அது வேறு சங்கதி.

கோத்தகிரியில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதியில் கிடைக்கும். ஈரோட்டுக்குப் போகிறவர் யாராவது இருந்தால் ஜவுளிச் சந்தையில் பார்க்கச் சொல்லலாம், திங்கள் இரவே கூடிவிடும், செவ்வாய் பகலோடு முடியும். ஆனால் அங்கே மொத்த வியாபாரம் செய்கிறவரிடம் போய் ஒண்ணேகால் மீட்டர் கேட்டால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது.

நிறம் நீலமா, ரோஸா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். என்ன குழந்தை என்று முன்கூட்டிச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம். ஆகவே மஞ்சள் எடுங்கள். இளம்பச்சையும் நன்றாக இருக்கும். கருஞ்சிவப்பு, கருநீலம் எல்லாம் சாயம் விடும், அதில் மட்டும் கை வைக்காதீர்கள். எந்த நிறமானாலும் தைப்பதற்கு முன் ஒரு மூலையை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். குழந்தை எப்படியும் அதைச் சப்பத்தான் போகிறது.

17 அக்டோபர்

"ஒரு மீட்டர் வாங்கினால் போதாதா, ஏன் ஒண்ணேகால்?" என்று கேட்டவருக்கு.

44 பன்னா துணி, அதாவது 44 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் என்பது 39 அங்குலமும் கொஞ்சமும். முதல் துவையலில் நூற்றுக்கு ஐந்து சுருங்கினால் நீளம் 37-க்கு வந்துவிடும், அகலம் 42-க்குக் கொஞ்சம் குறையும். தைத்து முடித்த போர்வை 36-க்கு 40 வேண்டுமானால், சுற்றிலும் தையலுக்கு அரை அங்குலம் விட்டு 37-க்கு 41 வெட்ட வேண்டும். கணக்கில் சரியாக வருகிறது. கடைக்காரர் வெட்டிக் கொடுக்கிற ஓரம் நேராக இருக்குமா என்பதுதான் கேள்வி. கோணலாக வந்தால் ஓர் அங்குலம் அதை நேராக்கவே போய்விடும். கால் மீட்டர் கூடுதலாக வாங்குங்கள், மிஞ்சுவதில் வாய் துடைக்கிற துணி இரண்டு வரும்.

பாப்லின் சில கடைகளில் 36 பன்னாவில்தான் இருக்கும். அப்படியானால் 33 அங்குல அகலத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான். பிறந்த குழந்தையைச் சுற்ற அதுவும் தாராளம்.

இரண்டு துணியையும் தனித்தனியாகத் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். பிளானல் அதிகமாகச் சுருங்கும், பாப்லின் குறைவாகச் சுருங்கும். துவைக்காமல் தைத்தால் முதல் துவையலுக்குப் பிறகு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், மறுபக்கம் தொளதொளவென்று அலை அலையாக நிற்கும். இஸ்திரி போட்டாலும் சரியாகாது.

20 அக்டோபர்

இனி தையல்.

மெஷினுக்கு எண்ணெய் விட்டு ரொம்ப நாளாகியிருந்தால் இன்றே விடுங்கள், விட்டதும் பழைய துணியில் நாலு வரி ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணெய் முழுவதும் உங்கள் மஞ்சள் பிளானலில்தான் இறங்கும். ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் ஊசி துருப்பிடிப்பது சகஜம், துருப்பிடித்த ஊசி வெள்ளை மல்லில் வரிசையாகப் பழுப்புப் புள்ளி வைத்துக்கொண்டே போகும், எதற்கும் போகாது. புதிய 14-ஆம் நம்பர் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஓரத்தில் ஒரு நூலை இழுங்கள். அறுந்துவிடாமல் மெதுவாக இழுத்தால் துணியில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழும், அதுதான் உண்மையான நேர். அதன் மேலேயே வெட்டுங்கள். நாலு பக்கமும் வெட்டிய பிறகு மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்துப் பாருங்கள், இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் துணி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். குறைவாக வந்த மூலைகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துவிட்டால் ஓரளவு நேராகும்.

இரண்டு துணியின் நல்ல பக்கமும் உள்ளே ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்துக் குண்டூசி குத்துங்கள். எத்தனை குத்தினோம் என்று எண்ணி ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தைத்து முடித்ததும் எண்ணி எடுங்கள். குறைந்தால் கிடைக்கும் வரை போர்வையைத் திருப்பக் கூடாது. குழந்தைக்குப் போகிற பொருள், இதில் விளையாட்டே கிடையாது.

தையலை ஒரு நீளப் பக்கத்தின் நடுவில் ஆரம்பித்து, நாலு மூலையும் சுற்றி வந்து, ஆரம்பித்த இடத்துக்கு ஆறு அங்குலம் முன்னால் நிறுத்திவிடுங்கள். கை நுழைய அந்த வாய் வேண்டும். மூலையில் வாய் விடாதீர்கள், அப்புறம் அது எப்போதும் கோணலாகவே நிற்கும். தொடங்குகிற இடத்திலும் முடிக்கிற இடத்திலும் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். ரிவர்ஸ் இல்லாத மெஷின் என்றால் துணியைத் திருப்பி வைத்து ஓட்டலாம்.

மூலைக்கு வரும்போது ஊசி துணிக்குள் இறங்கி நிற்க வேண்டும். பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கி, அப்புறம் மிதியுங்கள். முடிந்ததும் நாலு மூலையையும் குறுக்காக வெட்டிவிடுங்கள். தையலுக்கும் கத்தரிக்கும் நடுவில் ஒரு நூல் அளவு இடம் இருந்தால் போதும். வெட்டாமல் திருப்பினால் நாலு மடிப்புத் துணியும் அந்த மூலையில் முடிச்சாகத் திரண்டு, குழந்தை கன்னத்தில் குத்தும்.

வாய் வழியாகக் கையை விட்டு எதிர் மூலையைப் பிடித்து இழுத்தால் முழுப் போர்வையும் உள்ளிருந்து வெளியே வந்துவிடும். மூலைகளை முனை மழுங்கிய பென்சிலால் மெதுவாகத் தள்ளுங்கள். கத்தரி நுனியால் குத்துகிறவர்கள் நேராகத் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவார்கள். அப்புறம் வாயை உள்ளே மடித்துக் குண்டூசி வைத்து, சுற்றிலும் கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒரு மேல்தையல். அதிலேயே வாயும் மூடிக்கொள்ளும்.

அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிடும்.

21 அக்டோபர்

கத்தரி. துணி வெட்டுகிற கத்தரியால் பால் பாக்கெட் வெட்டுகிற ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. ஒளித்து வையுங்கள்.

24 அக்டோபர்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "குழந்தை பிறப்பதற்கு முன்னால் எதுவும் வாங்கவோ தைக்கவோ கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார்."

எதிர்பார்த்ததுதான். என் பாட்டியும் அப்படித்தான், பிறக்கிற வரை ஒரு சட்டை உள்ளே வர விடமாட்டார். அதில் பாதி பயம். மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சாயம் இருக்கும், பல தடவை துவைத்த பழைய வேட்டி மாதிரி மிருதுவாக எந்தப் புதுத் துணியும் இராது. அதனால்தான் பிறந்ததும் பழைய வேட்டித் துண்டில் சுற்றுகிற வழக்கம்.

சண்டை போடாதீர்கள். துணியை மட்டும் வாங்கி, இரண்டு மூன்று முறை துவைத்து மடித்து வைத்துவிடுங்கள், கஞ்சியும் போய்விடும். துணியாக இருக்கிற வரை அது போர்வை இல்லையே. குழந்தை பிறந்த பிறகு தையுங்கள், தொட்டில் போடுகிற நாளுக்குக் கொடுத்தால் போதும்.

இன்னொன்று தோன்றுகிறது. மாமனாருடைய நைந்த வெள்ளை வேட்டி இருந்தால் பாப்லினுக்குப் பதில் அதையே ஒரு பக்கத்துக்குப் போட்டுவிடுங்கள். மாமியாருக்கும் மறுப்புச் சொல்ல வாய் வராது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நைந்துபோன இடத்தைத் தவிர்த்து வெட்டுங்கள், கரை வேண்டாம். எனக்கு இப்போது யோசிக்கையில் 15-ஆம் தேதி சொன்ன மல், பாப்லின் இரண்டையும் விட இதுவே மேல் என்று படுகிறது.

28 அக்டோபர்

"திருப்பூரிலிருந்து தம்பி பனியன் துணி கிலோ கணக்கில் கொண்டுவந்து தருகிறான், இன்டர்லாக். அதில் தைக்கலாமா?"

தாராளமாக, ஒற்றைத் துணியாக. குழந்தையைச் சுற்றுவதற்கு அதைப் போல் சுகமான துணி கிடையாது, கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். ஆனால் அதையும் பிளானலையும் சேர்த்துத் தைக்காதீர்கள். ஒன்று இழுபடும், ஒன்று படாது. மெஷின் பாதம் மேலே இருக்கிற துணியைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒரு பக்கம் நாலு விரல் அதிகமாக நிற்கும். பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி தனியாக வருகிறது, சாதாரண ஊசி கண்ணியை அறுத்து ஓட்டை போடும். ஓரத்தை மடித்து அடிக்க உங்களுக்குப் பொறுமை இராது, பக்கத்துத் தையல்காரரிடம் கொடுத்து ஓவர்லாக் போட்டு வாங்கிவிடுங்கள்.

2 நவம்பர்

தலைகுந்தாவிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "குன்னூரில் உட்கார்ந்துகொண்டு மெல்லிசு மெல்லிசு என்று சொல்வது சுலபம். இங்கே ஜனவரியில் விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். இரண்டு மடிப்புத் துணி எந்த மூலைக்கு?"

நியாயம்தான். உறைபனி விழுகிற இடம் அது, ஊட்டி டவுனை விடவும் குளிர் கூட இருக்கும். ஆனாலும் நாலு மடிப்பில் ஒரே போர்வை தைக்கச் சொல்லமாட்டேன். இரண்டு மடிப்பில் இரண்டு போர்வை தையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றினால் நடுவில் நிற்கிற காற்றே பாதிக் குளிரைத் தடுக்கும். வெயில் ஏறியதும் ஒன்றை எடுத்துவிடலாம். ஒன்று நனைந்தால் இன்னொன்று கையில் இருக்கும்.

குளிர்கிறதா என்று குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்கிறார்கள், அது சரியான அளவுகோல் இல்லை. பச்சைக் குழந்தையின் கையும் காலும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ தொட்டுப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பு இருந்தால் சரி. வியர்த்திருந்தால் போர்த்தியது அதிகம். மலைக்காரர்கள் நமக்குக் குளிர் என்றால் பயம், அந்தப் பயத்தை எல்லாம் குழந்தை மேல் போட்டு மூடுகிறோம். வீட்டுக்குள் குல்லா, சாக்ஸ், ஸ்வெட்டர், மேலே இரண்டு கம்பளி, முகம் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்குத் தெரியும்.

3 நவம்பர்

நேற்று எழுதியதோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம், போர்வையை விட முக்கியம்.

தூங்கப் போடும்போது தளர்வான போர்வை வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது, ஒரு வயது வரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரையும் அதுவே. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தலையணை கூடாது, முகத்தின் பக்கம் எந்தத் துணியும் இருக்கக் கூடாது. போர்வை மேலே ஏறி மூக்கை மூடினால் அதைத் தள்ளிவிடுகிற வலு அந்தக் கைக்குக் கிடையாது. இரவுக்குக் கை நீளமான, கால் மூடிய சட்டை போதும், வேண்டுமானால் ஒன்றின் மேல் ஒன்று.

"பிறகு எதற்குத் தைக்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். மடியில் வைத்துப் பால் கொடுக்க, குளிப்பாட்டியதும் சுற்ற, ஊசி போட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக, வெயிலில் திண்ணையில் கிடத்த, கொஞ்ச மாதம் கழித்துத் தரையில் விரித்துக் குப்புற விழப் பழக்க. பகல் முழுக்க அதற்கு வேலை இருக்கும். சுற்றுவதும் இடுப்புக்குக் கீழே தளர்வாக, கால் மடங்கி விரிய இடம் விட்டுச் சுற்ற வேண்டும். காலை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். புரளப் பார்க்கிற நாள் வந்ததும் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். தூளியில் போட்டால் மேலே தனிப் போர்வை எதுவும் வேண்டாம், அந்தச் சேலையே போதும்.

பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், "நாங்க வளக்கலையா?" என்று ஒரு வார்த்தை வரும். சிரித்துக்கொண்டே போர்வையை எடுத்து மடித்து வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

9 நவம்பர்

தோடர் பூவேலை செய்த துணியை வாங்கி நடுவில் வைத்துத் தைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஊட்டியில் கடைகளில் பார்த்திருப்பீர்கள், வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக. தோடப் பெண்கள் வரைந்துகொள்ளாமல் துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி ஓட்டுவார்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை.

எனக்கு இதில் சம்மதமில்லை. முதல் காரணம், அந்த வேலை மேலே எழும்பி நிற்கும், கையால் தடவினாலே திட்டுத் திட்டாகத் தட்டுப்படும். அடிக்கடி துவைக்கிற குழந்தைத் துணிக்கும் பிஞ்சுத் தோலுக்கும் அது ஒத்துவராது. இரண்டாவது, அவர்கள் போர்த்துகிற சால்வைக்கு அவர்களுக்குள் ஓர் இடம் இருக்கிறது. விசேஷத்திலும் அதுதான், இறந்தவரைப் போர்த்துவதும் அதில்தான். அதைக் கத்தரியால் வெட்டித் துண்டு போட எனக்கு மனசு வராது. வாங்குவதாக இருந்தால் முழுதாக வாங்கி, பிள்ளை பெற்றவளுக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுங்கள். எல்லோரும் குழந்தைக்கே கொண்டுவருவார்கள், அவளுக்கென்று யாரும் எதுவும் எடுத்துவர மாட்டார்கள்.

15 நவம்பர்

மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்து, போன பஸ் திரும்பி வந்துவிட்டது. கோயம்புத்தூர் போய்த் துணி எடுக்கலாம் என்றிருந்தவர்கள் வானம் வெளுத்த பிறகு கிளம்புங்கள்.

ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார்: "ஜனவரியில் பகலெல்லாம் நல்ல வெயில் அடிக்கும், ஈரம் எங்கே வந்தது?" உண்மை. ஜனவரி, பிப்ரவரியில் எதைப் போட்டாலும் காயும், இரவுதான் கடுமை. ஆனால் போர்வை பிப்ரவரியோடு முடிகிற சாமானா? ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் மழை பிடித்தால் ஆகஸ்ட் தாண்டும். நமக்குக் கிழக்குச் சரிவில் அது லேசாகப் போனாலும் அடுத்த அக்டோபரில் வட்டியும் முதலுமாக வரும். அப்போது குழந்தை போர்வையை இழுத்துக்கொண்டே வீடெல்லாம் தவழும், தினம் ஒரு தடவை துவைக்க வேண்டியிருக்கும்.

காயவைப்பதில் ஒரு விஷயம். மழைநாளில் அறைக்குள் கரி அடுப்பு மூட்டி அதன் மேல் கொடி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். துணி தீப்பிடிப்பது ஒரு பக்கம். மூடிய அறையில் கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். குழந்தை இருக்கிற அறையில் கரியே வேண்டாம். மெல்லிய போர்வையைக் கடைசி ஈரத்துக்கு இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்துவிடலாம். பஞ்சுப் போர்வையில் அது நடக்காது.

23 நவம்பர்

நடுவில் இரண்டு துணியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பை மாதிரி உப்புகிறதே, என்ன செய்ய என்று கேட்டவருக்குத் தனியாக எழுதியபோது அங்கங்கே நூலால் முடிச்சுப் போடச் சொல்லியிருந்தேன். முடிச்சு வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. குழந்தை முதலில் கண்டுபிடிப்பது முடிச்சைத்தான், சப்பிச் சப்பிப் பிரித்துவிடும். பிரிந்த நூல் விரலைச் சுற்றி இறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும், வீங்கிச் சிவந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

அதற்குப் பதில் கையால் ஓடுதையல். ஒரு சாணுக்கு ஒரு வரி, நீளவாக்கில். கலர் நூல் எடுத்தால் அதுவே அலங்காரம். நூல் முனையை இரண்டு துணிக்கும் நடுவில் இழுத்து மறைத்துவிடுங்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் துணியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தடவை சுண்டுங்கள், நூல் இறுகியிருந்தால் அப்போதே தளர்ந்து கொடுக்கும்.

லேஸ், பொத்தான், ரிப்பன், குஞ்சம், இது எதுவும் வேண்டாம். லேஸ் ஓட்டையில் விரல் மாட்டும். கேட்டவர் பெயர் பின்னலாமா என்றும் கேட்டார். பெயர் வைத்த பிறகு, ஒரு மூலையில், சின்னதாக.

6 டிசம்பர்

கம்பளிப் பேச்சு ஓயமாட்டேன் என்கிறது. "நம் மலையிலேயே ஆடு வளர்க்கிறார்கள், அந்த ரோமம் கூடவா ஆகாது?" என்று ஒருவர். வளர்க்கிறார்கள்தான். நீலகிரி ஆடு என்றே ஓர் இனம் உண்டு, மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆடுகளை நம் பக்கத்து நாட்டு ஆட்டோடு சேர்த்து 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரிலும் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை உண்டு, அந்தப் புல்வெளியைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம். ரோமம் ஈரத்திலும் கதகதப்புத் தரும், அதை மறுக்கவில்லை. ஆனால் பச்சைக் குழந்தையின் தோலில் நேரடியாகப் பட்டால் உறுத்தும், வெந்நீரில் துவைத்தால் இறுகிச் சின்னதாகிவிடும். பாட்டிக்குச் சால்வை வாங்குங்கள்.

ஃப்ளீஸ் துணி கேட்டவருக்கு: லேசாக இருக்கும், சட்டென்று காயும், அந்த ஒரு விஷயத்தில் நான் கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனாலும் அது பாலியெஸ்டர். வியர்வையை இழுக்காது, நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும். தள்ளுவண்டியில் காலுக்கு மேலே போட வைத்துக்கொள்ளலாம், உடம்போடு சுற்ற வேண்டாம்.

18 டிசம்பர்

கோத்தகிரிக்காரர் மிச்சத் துணியில் முக்கால் அடிக்கு ஒரு மாதிரி தைத்துப் படம் அனுப்பியிருக்கிறார். நல்ல காரியம். நேர்த்தையல் நேராகவே இருக்கிறது, "அவ்வளவுதான் வரும்" என்று சொன்னவருக்கு இது அதிகம். இரண்டு மூலை உருண்டையாக நிற்கிறது, இன்னும் கொஞ்சம் நெருக்கமாக வெட்டிவிட்டுத் திருப்புங்கள். மேல்தையலில் கீழ்ப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறதே, அது பாபின் கோளாறு மாதிரி தெரியும். பெரும்பாலும் மேல் நூல்தான் காரணம். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முதலிலிருந்து மறுபடி கோத்துப் பாருங்கள், நூலை இறுக்கிப் பிடிக்கிற இழுவைத் தட்டுக்குள் அது உட்காராமல் இருந்திருக்கும். அதற்கும் சரியாகாவிட்டால் மட்டும் அந்தத் தட்டின் திருகாணியைத் தொடுங்கள்.

மாமியார் படத்தைப் பார்த்துவிட்டு "இது கரித்துணிதானே, போர்வை இல்லையே" என்று உறுதி செய்துகொண்டாராம். இல்லை என்று நானும் சாட்சி சொல்கிறேன்.

11 ஜனவரி

பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம் என்று எழுதியிருக்கிறார். போர்வை நேற்று தைத்து முடித்தாயிற்று, ஒரு பக்கம் மஞ்சள் பிளானல், மறுபக்கம் மாமனார் வேட்டி. இரண்டாவது போர்வைக்குத் துணி துவைத்துக் காய்கிறதாம்.

துவைப்பது பற்றிக் கேட்டிருக்கிறார். பால் கக்கிய கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர், எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் கறை துணியிலேயே வெந்து பிடித்துக்கொள்ளும். அலசி எடுத்த பிறகு சாதாரண சோப்பு, கொஞ்சமாக, நுரை நிற்காமல் அலச வேண்டும். வாசனைக்கு ஊற்றுகிற கண்டிஷனர் வேண்டாம், துணி ஈரம் உறிஞ்சுகிற குணம் அதில் குறைந்துவிடும். நேர் வெயிலில் பிளானல் பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள், நாலு மணிக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பனி இறங்கும்.